முதுகில் ஒப்பரேஷன், வீட்டில் காய்ச்சல்: பனடோலோடு நின்றுவிடாதீர்கள்

களுபோவில ஆஸ்பத்திரியை நமது தோட்டக் குடும்பங்களில் பலர் அறிவார்கள். கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை என்பது அதன் முறையான பெயர். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நமது பிள்ளைகளுக்குச் சுகமில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி அதுதான். கொட்டாஞ்சேனைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தேசிய வைத்தியசாலை. தோட்டத்திலிருந்தும் முதுகு ஒப்பரேஷனுக்கென்று கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மகளோ மகனோ கொழும்பில் இருந்தால், பிள்ளைப்பேற்றுக்காக அங்கே போய்த் தங்குகிற தாய்மாரும் உண்டு.

ஒப்பரேஷன் முடியும்வரை குடும்பம் முழுவதற்கும் பயம். சாமிக்கு நேர்த்தி வைக்கிறோம், ராத்திரி தூங்காமல் இருக்கிறோம். ஆனால் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அந்தப் பயம் அப்படியே போய்விடுகிறது. "எல்லாம் முடிஞ்சிருச்சு, கடவுள் காப்பாத்திட்டாரு" என்று எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறோம்.

இம்முறை நாம் பேச விரும்புவது அதற்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றித்தான்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். முதுகில் ஒப்பரேஷன் செய்துகொண்ட அண்ணன் லயத்துக்குத் திரும்பிப் பத்து நாளாகிறது. இரவில் காய்ச்சல் அடிக்கிறது, தலை வலிக்கிறது. பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்துவிட்டு, "கொழும்புச் சூட்டுல இருந்துட்டு இங்க வந்தா பனி ஒத்துக்குமா? ரெண்டு பனடோலப் போட்டுட்டுப் படுக்கச் சொல்லு, காலைல சரியாப்போயிரும்" என்கிறார். மாமி சொல்வது பல காய்ச்சலுக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் முதுகை வெட்டியவருக்கோ, முதுகில் ஊசி போட்டவருக்கோ அது சரியல்ல. ஏன் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

முதுகு மட்டும் ஏன் வேறு மாதிரி?

நமது முள்ளந்தண்டுக்குள் மூளையிலிருந்து இறங்கி வரும் பெரிய நரம்பு ஒன்று இருக்கிறது. முண்ணாண் என்று பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதையும் மூளையையும் சுற்றித் தெளிந்த தண்ணீர் போன்ற ஒரு திரவம் இருக்கின்றது. முதுகுக்குக் கீழே இருக்கும் அந்தத் திரவமும் தலைக்குள் இருக்கும் திரவமும் ஒன்றுதான். ஆகவே கீழே ஒரு கிருமி நுழைந்தால் மேலே மூளைவரை போக வழி திறந்தே இருக்கிறது.

கையில் ஒரு புண் வந்தால் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் ஓடிவந்து கிருமியோடு சண்டை போடும். முள்ளந்தண்டு நீரில் அந்தக் காவல்காரர்கள் மிகக் குறைவு. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் என்ற பகுதிக்கும் இரத்த ஓட்டம் மிகக் குறைவு. அங்கே கிருமி போய் உட்கார்ந்துவிட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் மெதுவாகத்தான் போய்ச்சேரும், மருந்தும் மெதுவாகத்தான் போய்ச்சேரும்.

இப்படி நோய்த்தொற்று வருவது எல்லோருக்கும் நடப்பதில்லை. முதுகு ஒப்பரேஷன் செய்துகொள்ளும் நூறு பேரில் ஒருவர் முதல் நாலைந்து பேர் வரையில்தான் இதற்கு ஆளாகிறார்கள். சின்ன ஒப்பரேஷனில் குறைவு. கம்பி, ஆணி வைத்துச் செய்யும் பெரிய ஒப்பரேஷனில் கூடுதல். சீனி வியாதி உள்ளவர்கள், புகைப்பவர்கள், சரியான போஷாக்கு இல்லாமல் மெலிந்தவர்கள் ஆகியோருக்கும் ஆபத்து அதிகம். பெரும்பாலும் காரணமாக இருப்பது நமது தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்டபிலோகொக்கஸ் என்ற பற்றீரியாதான். அதற்காகவே வெட்டுவதற்கு முன் ஒரு மணித்தியாலத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஒன்றைப் போடுகிறார்கள். அப்படியும் சிலருக்கு வந்துவிடுகின்றது.

எந்த நாளில் வந்த காய்ச்சல்?

டொக்டர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "ஒப்பரேஷன் செய்து எத்தனையாம் நாள் காய்ச்சல் வந்தது?"

முதல் இரண்டு நாட்களில் வரும் இலேசான காய்ச்சல் பெரும்பாலும் கிருமியினால் அல்ல. வெட்டுப்பட்ட உடம்பு தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளும்போது சூடு ஏறும். அப்போது நோயாளி வார்டில்தான் இருப்பார், மிஸ்ஸிமார் பார்த்துக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள் தொடக்கம் ஒரு கிழமை வரை வரும் காய்ச்சலுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்ததால் வரும் சிறுநீர்த் தொற்று, படுத்தே இருந்ததால் நெஞ்சில் சளி கட்டுவது, சேலைன் ஏற்றிய கையில் நரம்பு வீங்குவது போன்றவை காரணமாகலாம்.

இரண்டாம் கிழமையிலிருந்து நாலாம் கிழமை வரை வரும் காய்ச்சலுக்குத்தான் நாம் அதிகம் விழிப்பாக இருக்க வேண்டும். வெட்டிய இடத்தில் கிருமி பிடிப்பது இந்த நாட்களில்தான் கூடுதலாக வெளியே தெரியும். தையல் வெட்டியாயிற்று, புண் ஆறியமாதிரி இருக்கிறது, ஆள் எழுந்து நடக்கிறார். அந்த நேரத்தில் வரும் காய்ச்சலையும் ஒப்பரேஷனையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. கம்பி, ஆணி வைத்தவர்களுக்குப் பல மாதம் கழித்தும், சிலருக்கு ஒரு வருடத்துக்குப் பிறகும்கூட வரலாம்.

கொழும்பிலிருந்து திரும்பியவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: டெங்கு. அங்கே நுளம்பு கடித்து நாலு நாளிலிருந்து பத்து நாளுக்குள் இங்கே வந்து காய்ச்சல் அடிக்கலாம். நோயாளிக்குத் துணைக்குப் போய் நின்றவர்களுக்கும் இது வரலாம். ஆகவே காய்ச்சல் நேரத்தில் புரூபன், அஸ்பிரின் போன்ற குளிசைகளை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடக்கூடாது. டொக்டர் ஏற்கெனவே தந்திருந்தால், தொடரலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

2005இல் கொழும்பில் நடந்தது

இனி நாம் சொல்லப்போவது உண்மையில் நடந்த விஷயம். இலங்கை வைத்தியர்களே ஆராய்ந்து, உலக வைத்தியச் சஞ்சிகைகளில் எழுதியிருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல்கோள் வந்தது. அதன் பின்னர் பல நாடுகளிலிருந்தும் மருந்துகளும் ஆஸ்பத்திரிச் சாமான்களும் நன்கொடையாக வந்து குவிந்தன. அவற்றுக்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்ததால் ஊசிக் குழாய்கள் போன்ற சில பொருட்கள் ஈரலிப்பான களஞ்சியத்தில் வைக்கப்பட்டன.

2005 ஜூன், ஜூலை மாதங்களில், கொழும்பில் சீசர் மூலம் பிள்ளை பெற்ற ஐந்து தாய்மாருக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. ஐந்து பேருக்கும் முதுகில் விறைப்பு ஊசி போட்டுத்தான் ஒப்பரேஷன் செய்திருந்தார்கள். ஆரம்பத்தில் இருந்ததெல்லாம் காய்ச்சலும் தலைவலியும்தான். சிலருக்கு வாந்தியும் இருந்தது. முதுகில் ஊசி போட்டுச் சராசரியாகப் பதினொரு நாள் கழித்தே அது தொடங்கியது.

முள்ளந்தண்டு நீரை எடுத்துச் சோதித்தபோது உள்ளே அழற்சி இருப்பது தெரிந்தது. ஆனால் என்ன கிருமி என்று தெரியவில்லை, எதுவும் வளரவில்லை. முதலாவது தாய் இறந்த பிறகு, பிரேத பரிசோதனையில்தான் உண்மை வெளிவந்தது. அது பற்றீரியா அல்ல, அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சணம். ஈரமான சுவரிலும் உக்கிய இலையிலும் மண்ணிலும் வளரும் பூஞ்சண வகை. தேயிலைத் தூளை ஈரத்தில் வைத்தால் பூஞ்சணம் பிடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அந்தச் சாதிதான். காற்றோடு நாம் அதைத் தினமும் சுவாசிக்கிறோம், சுகமான ஆளுக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் காவல்காரர் இல்லாத முள்ளந்தண்டு நீருக்குள் நேராகப் போய்விட்டால் கதை வேறு.

பாவிக்காத ஊசிக் குழாய்களைச் சோதித்தபோது அதே பூஞ்சணம் அகப்பட்டது. காரணம் தெரிந்தபின் மற்றவர்களுக்குப் பூஞ்சணத்துக்கான மருந்து கொடுத்தார்கள். அப்படியும் ஐந்து பேரில் மூவர் இறந்துபோனார்கள். வொரிகொனசோல் என்ற மருந்தை நீண்ட காலம் எடுத்த இருவர் பிழைத்தார்கள்.

வசதியான நாடுகளிலும் இப்படி நடந்திருக்கிறது. 2012இல் அமெரிக்காவில் முதுகுவலிக்காகப் போடும் ஊசிமருந்து ஒன்றில் பூஞ்சணம் கலந்திருந்தது. 20 மாநிலங்களில் 750க்கு மேற்பட்டோர் நோயாளியானார்கள். 60க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

இதைக் கேட்டு, "அப்ப முதுகுல ஊசி போட விடமாட்டேன்" என்று எந்தத் தாயும் சொல்லிவிடக்கூடாது. சீசருக்கு முழு மயக்கத்தைவிட முதுகு ஊசி பெரும்பாலும் பாதுகாப்பானது. தினமும் எத்தனையோ தாய்மார் அப்படிப் பிள்ளை பெற்றுச் சுகமாக வீடு போகிறார்கள். நடந்தது மிக அபூர்வமான சம்பவம்.

பிறகு ஏன் சொல்கிறோம்? பதினோராவது நாளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சீசர் செய்த தாய் பதினோராவது நாளில் எங்கே இருப்பாள்? வார்டில் அல்ல, வீட்டில். அவளைப் பார்த்துக்கொண்டிருப்பது டொக்டரும் அல்ல, மிஸ்ஸியும் அல்ல. அவளுடைய அம்மா, மாமியார், புருஷன். அந்தக் காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சல் என்பதா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டிய காய்ச்சல் என்பதா என்று முதலில் முடிவு செய்கிறவர்கள் நாம்தான்.

தலைவலியிலும் இரண்டு வகை

முதுகில் ஊசி போட்ட சிலருக்கு முதல் ஐந்து நாட்களுக்குள் தலைவலி வரும். எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். காய்ச்சல் இருக்காது. ஊசி போட்ட துவாரத்தால் முள்ளந்தண்டு நீர் கொஞ்சம் கசிவதால் வருவது அது. அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும், ஆனால் பெரும்பாலும் சுகமாகிவிடும்.

காய்ச்சலோடு சேர்ந்து, படுத்தாலும் குறையாமல், கழுத்தைக் குனிய முடியாமல் வரும் தலைவலி வேறு. அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். எந்த வகை என்று வீட்டில் இருந்து ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காய்ச்சல் இல்லாமலும் வரும்

இன்னொன்றையும் சொல்லவேண்டும். டிஸ்க்கில் கிருமி பிடித்தால் சிலருக்குக் காய்ச்சலே இருக்காது. ஒப்பரேஷன் செய்தபின் வலி நன்றாகக் குறைந்து, ஓரிரு கிழமை சுகமாக இருந்து, பிறகு திடீரென்று முன்னையைவிட மோசமான முதுகுவலி வரும். கட்டிலில் புரளக்கூட முடியாது. "வேலை செஞ்சிருப்பான், அதான் பிடிச்சுக்கிச்சு" என்று தைலம் தேய்க்கக் கூடாது. விட்டுப்போன வலி திரும்பிவந்தால் அதுவும் ஓர் அறிகுறிதான். இரத்தத்தில் சீஆர்பி, ஈஎஸ்ஆர் பரிசோதனைகளும், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ படமும் எடுத்து டொக்டர்மார் கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்தால் வைத்தியம் இருக்கிறது. பெரும்பாலும் ஆறு கிழமையோ அதற்கு மேலோ மருந்து எடுக்கவேண்டும். சிலருக்குப் புண்ணைத் திறந்து கழுவ வேண்டியிருக்கும். பிந்தினால் சீழ் கட்டி முண்ணாணை அமுக்கி, கால் வழங்காமல் போகவும் இடமுண்டு.

அன்றைக்கே போகவேண்டிய அறிகுறிகள்

முதுகில் ஒப்பரேஷன் செய்தவர், அல்லது முதுகில் ஊசி போட்டவர், வீட்டுக்கு வந்தபின் இவற்றில் ஒன்று கண்டாலும் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்:

1. காய்ச்சல், நடுக்கம், குளிர்.
2. விடாத தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சம் பார்க்க முடியாமை.
3. வெட்டிய இடம் சிவத்தல், சூடாக இருத்தல், வீங்குதல், சீழ் அல்லது கெட்ட மணம்.
4. தையல் போட்ட இடத்திலிருந்து தண்ணீர்போல் தெளிவாக வடிதல்.
5. குறைந்த முதுகுவலி மறுபடி கூடுதல்.
6. காலில் பலம் குறைதல், விறைத்தல், சிறுநீர் போக முடியாமை, தெரியாமலே சிறுநீர் அல்லது மலம் போதல்.
7. பேச்சுத் தடுமாறுதல், ஆள் மயங்கி மயங்கிப் போதல், வலிப்பு.

ஆறாவதும் ஏழாவதும் கண்டால் மணித்தியாலக் கணக்கு. 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

எங்கே போவது, என்ன சொல்வது?

"களுபோவிலயிலதானே வெட்டினாங்க, அங்கதான் போகணும். சம்பளம் போட்டதும் வேன் பிடிச்சுப் போவோம்" என்று சிலர் நாட்களைக் கடத்துகிறார்கள். வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு முதலில் போங்கள். டிக்கோயாவோ, நுவரெலியாவோ, பதுளையோ, எது கிட்டவோ அங்கே. அனுப்ப வேண்டியிருந்தால் அவர்களே அம்புலன்சில் அனுப்புவார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் கடிதம் வாங்க முடிந்தால் நல்லது, ஆனால் அங்கே ஆள் இல்லை என்பதற்காக நிற்காதீர்கள்.

போகும்போது மறக்காமல் எடுத்துப்போக வேண்டியது ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்ட். அதில் என்ன ஒப்பரேஷன், எந்தத் திகதி, என்ன மருந்து என்று எழுதியிருக்கும். டொக்டருக்கு நாம் கால் மணித்தியாலம் பேசுவதைவிட அந்தக் கார்ட் அதிகம் சொல்லும். அதை மழை ஒழுகாத இடத்தில் பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள்.

வெறுமனே "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கூட்டமான நேரத்தில் காய்ச்சல் மருந்து தந்து அனுப்பிவிடக்கூடும். முதுகு ஒப்பரேஷன் அல்லது முதுகு ஊசி என்பதையும், எத்தனை நாளாகிறது என்பதையும் முதலில் சொல்லுங்கள். சிங்களத்தில் சொல்லவேண்டி வந்தால் இப்படிச் சொல்லலாம்:

ஒப்பரேஷன் செய்தவர்: "மகே கொந்தே ஒபரேஷன் எகக் களா."
முதுகில் ஊசி போட்டவர்: "கொந்தட்ட இன்ஜெக்ஷன் எகக் கெஹுவா."
இருவரும்: "தென் உண தியெனவா, ஒளுவ ரிதெனவா." அதாவது, இப்போது காய்ச்சல் இருக்கிறது, தலை வலிக்கிறது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

பனடோல் போடுவது குற்றமில்லை. ஆனால் போடுவதற்கு முன் காய்ச்சல் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள். பனடோல் போட்டு, காய்ச்சல் இறங்கிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே ஒன்றும் தெரியாது. வளர்ந்தவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு குளிசை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது.

வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைப் போடவே வேண்டாம். இரண்டு மூன்று குளிசையில் நோய் மாறாது. ஆனால் பரிசோதனையில் கிருமி வளராமல் மறைந்துவிடும். பிறகு எந்தக் கிருமி, எந்த மருந்து என்று டொக்டருக்கே தெரியாமல் போகும்.

புண்ணைக் கையால் தொடுமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மஞ்சள், எண்ணெய், பச்சிலை, சாம்பல் எதுவும் வைக்கக்கூடாது. குளிப்பது எப்போது என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு வாருங்கள், அதுவரை புண் நனையக்கூடாது. சீனி வியாதிக்காரர் மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது. புகையும் புகையிலையும் புண் ஆறுவதைத் தடுக்கும். கொழுந்துக் கூடை, விறகு, தண்ணீர்க் குடம் ஆகியவற்றை டொக்டர் சொல்லும்வரை தூக்க வேண்டாம். பாரமில்லாத வேலை தரும்படி டொக்டரிடம் கடிதம் கேட்டு வாங்கித் தோட்டத்தில் கொடுங்கள்.

ஒரு நாள் பேர் போனால் அன்றைய சம்பளம் போகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. பஸ் காசுக்கே யோசிக்க வேண்டிய வீடுகள் உண்டு. ஆனாலும் அரசாங்க ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து, "ஒன்றுமில்லை, சாதாரணக் காய்ச்சல்" என்று திரும்பிவந்தால் நட்டம் அந்த ஒரு நாள்தான். போகாமல் இருந்து அது சாதாரணக் காய்ச்சலாக இல்லாவிட்டால், அந்த நட்டத்தை எந்தச் சம்பளத்தாலும் ஈடுகட்ட முடியாது.

இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து, டயக்னோசிஸ் கார்ட் வைத்திருக்கும் உறையிலேயே வையுங்கள். உங்கள் லயத்தில் யாராவது ஒப்பரேஷன் முடிந்து வந்திருந்தால் அவர்கள் வீட்டில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால் போதும், வீடே தெரிந்துகொள்ளும்.